பஞ்சப்படி இல்லாத பென்ஷன்: வைப்பு நிதி அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மத்திய தொழிலாளர் நலத் துறை அமைச்சர் அவர்களுக்கும், தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வைப்பு நிதியில் சேர்ந்த எங்களைப் போன்ற தொழிலாளர்களுக்கான 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் மனுக்களை அடுக்கி வைக்கவே உங்களுக்குத் தனி அறை வேண்டியிருக்கும். குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்துவீர்களா என்று நாடாளுமன்றத்தில் கேட்கிறார்கள். நிதியில் பற்றாக்குறை என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை மறுபடியும் செய்தித்தாளில் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னோடு நூற்பாலையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் 2009இல் ஓய்வுபெற்றார். அன்று அவருக்கு முடிவான பென்ஷன் மாதம் 1,640 ரூபாய். அவருடைய வங்கிப் புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அதே 1,640. புத்தகம் தீர்ந்து புதிது வாங்கியபோதும் தொகை மாறவில்லை. வாடகை, பஸ் கட்டணம், சிலிண்டர், சர்க்கரை மாத்திரை எதுவும் 2009இல் நின்றுவிடவில்லை. எழுபத்து நான்கு வயதில் அவர் இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலாளி. மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துப் பார்த்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர், ஓய்வுபெற்ற பின்னும் இரவெல்லாம் விழித்திருக்கிறார். இடது கண்ணில் புரை. அறுவைச் சிகிச்சைக்கு லீவு போட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். பார்வை மங்கிய ஒருவரைக் காவலுக்கு வைத்துவிட்டு அந்தக் குடியிருப்பு நிம்மதியாகத் தூங்குகிறது. உங்கள் பதிவேட்டிலோ அவர் பணியிலிருந்து ஓய்வுபெற்று, பயன் அனுபவித்து வருபவர்.

அவர் காலத்துக்குப் பின் அவருடைய மனைவிக்குப் பாதி, அதாவது 820 ரூபாய். 2014 செப்டம்பரில் நீங்கள் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை இருப்பதால் அதை ஆயிரமாக்கித் தருவீர்கள். அந்த 180 ரூபாய்க்கு அந்த அம்மாளின் சார்பில் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இந்தப் பென்ஷனோடு, விலைவாசி ஏறும்போது தானும் ஏறும் பஞ்சப்படியைச் சேருங்கள்.

குறைந்தபட்சத் தொகை 3,000 ஆக வேண்டும் என்று கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு 2013இலேயே சொன்னது. 7,500 வேண்டும் என்று சங்கங்கள் கேட்கின்றன. எந்தத் தொகை ஆனாலும் மகிழ்ச்சிதான். ஆனால் பஞ்சப்படி இல்லாமல் எதைக் கொடுத்தாலும் அது கரைந்துவிடும். விலைவாசி ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறினால் பதினான்கு ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகிறது. ஐம்பத்தெட்டில் முழுப் பென்ஷன் வாங்கத் தொடங்கியவர் எழுபத்திரண்டில் அரைப் பென்ஷன்காரர். எண்பத்தாறு வரை இருந்துவிட்டால் கால் பென்ஷன்காரர். மருந்துச் செலவு ஏறுகிற வயதும் அதுதான்.

எங்களோடு இது முடிந்துவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்று நாற்பது வயதில் ஆலைக்குப் போகிறவரின் கதி என்ன? பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பும் 2014இலிருந்து 15,000 ரூபாயிலேயே நிற்கிறது. அவர் முப்பதாயிரம் வாங்கினாலும் பென்ஷன் கணக்கில் பாதிச் சம்பளக்காரர்தான். முப்பத்தைந்து ஆண்டு சேவைக்கு உங்கள் சூத்திரம் தருவது 7,500. அவர் ஓய்வுபெறும் காலத்தில் அது என்ன பெறுமோ! ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கம்பெனி மாறி, நடுநடுவே பி.எஃப். பிடித்தமே இல்லாமல் காலம் தள்ளுகிற பிள்ளைகளில் பலருக்குப் பத்தாண்டுச் சேவையே சேராது. அவர்களுக்கு மாதப் பென்ஷனும் கிடையாது. 2050 வாக்கில் இந்தியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவராக இருப்பார் என்கிறார்கள். அன்றைய ஏழை முதியவர்கள் திடீரென்று முளைத்துவிடப் போவதில்லை. இன்று உங்களுக்குச் சந்தா கட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் அவர்கள்.

விலைவாசியோடு ஒரு தொகையை இணைப்பது ஏதோ புரியாத வித்தை என்று யாரும் சொல்ல முடியாது. மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை அது நடக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தையும் பணவீக்கக் குறியீட்டோடு இணைத்தாயிற்று. முன்னாள் உறுப்பினர்களின் பென்ஷன் 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு 25,000த்திலிருந்து 31,000 ஆனது. அதற்காக யாரும் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டம் என்று வெயிலில் உட்காரவில்லை. நாங்களோ உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுதோறும் சான்று கொடுக்கிறோம். நூல் பிடித்துத் தேய்ந்த விரலின் ரேகையை இயந்திரம் ஏற்றுக்கொள்ளாதபோது மறுபடியும் மறுபடியும் துடைத்துவிட்டு வைக்கிறோம். அவ்வளவும் அந்த மாறாத தொகைக்காக.

கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். பற்றாக்குறை உண்மையாகவே இருக்கலாம். இந்தத் திட்டத்தில் அரசின் பங்கு சம்பளத்தில் 1.16 சதவீதம், ஒரு தொழிலாளிக்கு மாதம் அதிகம் போனால் 174 ரூபாய். அந்தச் சதவீதத்தை உயர்த்த முடியுமா என்று பார்க்காமல் பற்றாக்குறையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வது நியாயமா?

நிதியின் எதிர்காலத்தை ஆண்டுதோறும் மதிப்பிட உங்களிடம் மதிப்பீட்டாளர் இருக்கிறார். அவரிடம் இன்னொரு கணக்கும் கேளுங்கள். இன்றைய விதிகள் இப்படியே நீடித்தால் பத்தாண்டு கழித்து, இருபதாண்டு கழித்து, இந்தப் பென்ஷனை மட்டும் நம்பி ஒரு மாதத்தை ஓட்ட முடியாதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களில் விதவைகள் எத்தனை பேர்? நிதியின் பற்றாக்குறையை வெளியிடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்து வெளியிடுங்கள்.

அதற்காகக் காத்திராமல், பஞ்சப்படியை உங்கள் குழுவின் அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எந்தத் தேதியிலிருந்து தருவீர்கள் என்பதையும் அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலைத் தொழிலாளி ஒருவர்,
கோயம்புத்தூர்.