டீக்கடை அக்காவுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும்

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு எங்கள் தெரு சொல்லியிருக்கும். அதனால் அந்தக் கதைக்குள் போகவில்லை. என் வீட்டுக்காரர் நேற்றுக் குடிக்கவில்லை, இன்றும் குடிக்கவில்லை. அதற்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சொல்வதில்தான் சிக்கல். ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழு. அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெயரை வெளியில் சொல்லக்கூடாது. சரி, குழுவுக்குக் கொஞ்சம் பணமாவது கொடுக்கலாம் என்று கேட்டால், வெளியாளிடம் வாங்குவதில்லையாம். சேருவதற்குக் கட்டணமும் கிடையாது. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். வந்தவர்கள் முடிந்ததைப் போடுவார்கள், வாடகையும் டீச்செலவும் அதில் நடக்கும். பெயரும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு எப்படித்தான் நன்றி சொல்வது? ஒரு மடல்தான் எழுத முடியும்.

ஆனால் முதல் நன்றி அவர்களுக்குக்கூட இல்லை. அந்தக் கட்டடத்துக்குக் கீழே கடை வைத்திருக்கும் அக்காவுக்கு.

இடம் சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம். தெருவைச் சொல்ல மாட்டேன், வருகிறவர்களுக்குச் சங்கடம். போர்டு எதுவும் இல்லாத ஒரு மாடி அறை. பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது தலையாட்டிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர், படிக்கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "மேல தெரிஞ்சவன் எவனாவது உட்கார்ந்திருந்தா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு நாள் வரலாம்" என்றார். இத்தனை வருஷம் சண்டை போட்ட என் வாயில் அப்போது ஒரு வார்த்தை வரவில்லை.

தட்டுவடை செட்டுக்குக் கேரட் துருவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அண்ணா, கையெல்லாம் சட்னியா இருக்குது. இந்த ஃபிளாஸ்க்கையும் கப்பையும் மேல ரூம்ல குடுத்துடறீங்களா? டீ ஆறிடும்." எதற்கு என்று யோசிப்பதற்குள் ஃபிளாஸ்க் அவர் கையில் இருந்தது. ஃபிளாஸ்க்கில் டீ ஆறாது என்பது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அவசரமாக ஏறிப் போனார். டீ கொண்டுவந்த ஆளாகத்தான் உள்ளே நுழைந்திருக்கிறார். யாரோ ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, "உட்காருங்க, ஒரு கப் குடிங்க" என்றார்களாம். உட்கார்ந்துவிட்டார்.

அன்றைய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். குடும்பத்தாரும் போகக்கூடிய ஓப்பன் மீட்டிங் வேறு. அதனால் நான் கீழே பெஞ்சில் இருந்தேன். அக்கா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மாங்காய் விலை ஏறிப்போனது, ஏற்காடு போகிற கார்களால் சனிக்கிழமையில் ரோட்டைத் தாண்டவே முடியாதது என்று பேசிக்கொண்டே ஒரு செட்டை என் முன்னால் வைத்தார். காசு வாங்கவில்லை. கடைக்குள் ஒரு பையன் சும்மா செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். வாராவாரம் மேலே டீ கொண்டுபோவது அவன் வேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்காவிடம் கேட்டதற்குச் சிரித்தார். "படிக்கிட்ட நிக்கிறவங்களைப் பார்த்தாலே தெரியும் கண்ணு. போங்கன்னு சொன்னா போக மாட்டாங்க. கையில ஒரு வேலை குடுத்தா போவாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அவர் பேசிக்கொண்டே வந்தார். ஏ.ஏ. 1935ல் அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊரில் இரண்டு பேர் ஆரம்பித்ததாம், ஒருவர் பங்குச் சந்தைக்காரர், இன்னொருவர் அறுவைச் சிகிச்சை டாக்டர். "டாக்டரே குடிச்சாரா?" என்றேன். "அதனாலதான் பேச்சு புரிஞ்சுது" என்றார். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் கேட்பதில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். ரொம்ப நாள் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று அதட்டி முதலில் வார்டில் சேர்க்கச் சொன்ன டாக்டரம்மா, ராத்திரியில் வந்த பக்கத்துத் தெரு ஆட்டோ அண்ணன், பிள்ளைகளைக் கேள்வி கேட்காமல் வைத்துக்கொண்ட என் ஓரகத்தி. செவ்வாய்பேட்டைக் கொலுசுப் பட்டறை முதலாளிக்குத் தனியாக ஒன்று: சனிக்கிழமைச் சம்பளத்தை இவருக்கு மட்டும் திங்கட்கிழமை காலைக்கு மாற்றினார். டாஸ்மாக் திறப்பது மதியம் 12 மணிக்கு. அதற்குள் பணம் என் கைக்கு வந்துவிடும்.

எனக்கும் ஒரு வேலை வந்திருக்கிறது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் இருக்கிறது, 1951லிருந்தே இருக்கிறதாம். ஃபோனில் தமிழில் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். பாட்டிலைத் தேடி பீரோவைக் கிளறுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. பார்க்கலாம்.

ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டியிருக்கிறேன். அக்கா கடைக்கு ஒரு தூக்கு வரும், மாடிக்கு ஒரு தூக்கு வரும். பணம்தானே வாங்க மாட்டார்கள்? பொங்கலுக்கு என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.