குழாய் வலையமைப்பில் எது செலவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பின் குடிநீர், வடிகால் வலையமைப்புகளை மிகக் குறைந்த செலவில் புதுப்பிக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரை வலியுறுத்தியிருந்தது. அந்த நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், எதைச் செலவாகக் கொள்கிறோம் என்பதை முதலில் தீர்மானிக்காமல், குழாய்களின் அளவையும் அமைப்பையும் தெரிவுசெய்யும் கணக்கைக் கணினியிடம் ஒப்படைத்தால், தவறான விடையே மிகத் துல்லியமாகக் கிடைக்கும்.

ஒரே அளவு நீரை 150 மில்லிமீற்றர் குழாய்க்குப் பதிலாக 100 மில்லிமீற்றர் குழாயில் செலுத்தினால், உராய்வினால் இழக்கப்படும் அழுத்தம் ஏறக்குறைய ஏழு மடங்காகிறது. குழாயின் விலையில் மிச்சம் பிடித்த பணம், நீரேற்றும் பம்பிகளின் மின்கட்டணமாக ஆண்டுதோறும் வெளியேறிக்கொண்டிருக்கும். இதைவிடப் பாரதூரமானது, குழாய்களின் விலையை மட்டும் குறைக்கும்படி கணித்தால், ஒரு வீதிக்கு இரு திசைகளிலிருந்தும் நீர் வர வழிசெய்யும் வளையங்கள் வீண் செலவாகத் தோன்றி, வலையமைப்பு கிளைகளாகச் சுருங்கிவிடுவதாகும். பிறகு தாய்க்குழாய் ஓரிடத்தில் வெடித்தாலும் அதற்கு அப்பாலுள்ள வீதிகள் அனைத்தும் வறண்டுவிடும். ஆகவே, வளையங்களைக் காக்கும் நிபந்தனையைக் கணக்கின் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தனிவீடுகள் இருந்த ஒழுங்கைகளில் இன்று தொடர்மாடிகள் எழுந்துள்ளன. குழாய் மாறாமல் நீரின் தேவை இரட்டிப்பானால், அழுத்த இழப்பு மூன்றரை மடங்குக்கு மேல் உயர்கிறது. காலை வேளையில் நீர் மேலேறாதபோது, சிலர் பிரதான குழாயிலிருந்தே நேரடியாகப் பம்பியால் இழுக்கின்றனர். அவர்களது அவதி புரிகிறது. ஆயினும் அப்போது குழாயினுள் அழுத்தம் வெளியழுத்தத்திலும் குறைந்துவிட்டால், அருகிலுள்ள உடைந்த கழிவுநீர்க் குழாயின் கசிவு, குடிநீர்க் குழாயின் வெடிப்புகள் வழியே உள்ளே இழுக்கப்படலாம். குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அலுவலகங்கள் தனித்தனியே வடிவமைப்பதன் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கழிவுநீர்க் குழாயைப் பொறுத்தவரை, பெரிதாகப் பதித்தால் போதும் என்ற எண்ணமும் பிழையானது. ஓட்டத்தின் வேகம் செக்கனுக்கு 0.6 மீற்றரளவிலாவது இல்லாவிட்டால் திண்மங்கள் படிந்து அடைப்பு உண்டாகும். கொழும்பு போன்ற தட்டையான நகரில் போதிய சரிவு கொடுக்க ஆழமாகத் தோண்டவோ, இடையிடையே பம்பி நிலையங்கள் அமைக்கவோ நேரிடுகிறது. மழைநீர் செல்லும் கான்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மேற்பகுதிக் கானை மட்டும் அகலப்படுத்தினால் வெள்ளம் தணிவதில்லை, விரைவாகக் கீழ்ப்பகுதிக்கு இடம்பெயர்கிறது. கால்வாயின் முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தாலோ கடல்மட்டம் உயர்ந்திருந்தாலோ அதற்குப் போக்கிடமில்லை. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்த நகரப் பரப்பு இது. ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018 இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பில், கொலன்னாவை போன்ற சதுப்பு நிலங்களின் நீர்கொள்ளளவையும் வலையமைப்பின் ஓர் உறுப்பாகவே கணிக்க வேண்டும். அவற்றை நிரப்பிவிட்டு அதே கொள்ளளவைக் கொங்கிறீற்றில் கட்ட முனைந்தால் ஆகும் செலவு, எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் காட்டப்படுவதில்லை.

இவற்றைக் கணிக்கும் கருவிகள் புதியவையோ விலையுயர்ந்தவையோ அல்ல. ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் குடிநீர் வலையமைப்புக்கும் மழைநீர், கழிவுநீர் வலையமைப்புக்கும் உரிய மென்பொருள்களை இலவசமாகவே வழங்குகிறது. தேவையானது, நிலத்தடியில் எந்தக் குழாய் எங்கே, எந்த நிலையில் உள்ளது என்ற நம்பகமான பதிவு.

எனவே, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் கொழும்பு மாநகரசபையும் ஒரே வரைபடத்தையும் ஒரே கணிப்பையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். புதிய தொடர்மாடிக்கு அனுமதி வழங்குமுன், அதனால் அயல் வீதிகளின் நீரழுத்தமும் கழிவுநீர் ஓட்டமும் எவ்வாறு மாறும் என்ற கணிப்பு முடிவை அவ்வீதி மக்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும்.

இங்ஙனம்,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்