எறும்பு ஏறவிடாதே

உ

தம்பிக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நான் நலம். உன் நலமும் மருமகள், பேத்தி நலமும் அறிய ஆவல்.

உன்கூடப் பிறந்த ஆச்சி போனில் உன் வீட்டு மாடிச் செம்பருத்தியைப் பார்த்தேன். பேத்தி பக்கத்தில் நிற்கிறாள், வளர்ந்துவிட்டாள். ஆனால் என் கண் கொழுந்துக்குத்தான் போனது. நுனியில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக இருக்கிறதே, அது மாவுப்பூச்சி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தண்டில் எறும்பும் ஏறுகிறது. பூச்சி விடுகிற தித்திப்புக்குத்தான் எறும்பு வரும். வந்தால் சும்மா இராது, பூச்சியை அடுத்த கிளைக்கும் தூக்கிக்கொண்டு போகும். நுனியைக் கிள்ளித் தொட்டியிலேயே போடாதே, பையில் கட்டி வெளியே போடு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணீர். வெயில் தாழ்ந்தபிறகு அடி. இலைக்கு அடியிலும் படவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடி. ஒருதரத்தோடு விட்டுவிடாதே.

தண்ணீர் விஷயம் எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. விரலை மண்ணில் விட்டுப் பார், ஈரம் இருந்தால் ஊற்றாதே. மேற்கு வெயில் அடிக்கிற மாடியில் ஒருநாள் காய்ந்தாலும் மொட்டு உதிரும், தேங்கினாலும் உதிரும். பூத்து ஓய்ந்தால் கிளையை வெட்டிக் கவாத்து செய். அது புதுக்கொழுந்தில்தான் பூக்கும். ஒரு சின்னக் குச்சியை இவ்வளவு பெரிய செடியாக்கியிருக்கிறாய், அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்குத்தான் நீ ஒரு படம் அனுப்பவில்லை. தைக்குப் பிறகு போனும் இல்லை. வேலை இருக்கும்.

கிணற்றடிச் செடி இப்போது இல்லை. நம்ம வீட்டு மூன்றாம் கட்டை இடித்ததோடு அதுவும் போயிற்று. தூணும் கதவும் லாரியில் ஏறியதை ஆச்சி சொல்லியிருப்பாள். இடிக்க வந்தவர்களிடம் ஒருநாள் தவணை கேட்டுக் கம்பு வெட்டினேன். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், கணுவுக்குக் கீழே சாய்வாக. பாதி மணல், பாதி நம்ம செம்மண். எரு போடவில்லை, போட்டால் அழுகும். ஏழு கம்பு நட்டேன். ஐந்தாவது வாரம் நாலில் கடுகளவு பச்சை தெரிந்தது. காலையில் கதவைத் திறந்ததும் அங்கேதான் போய் உட்காருகிறேன். காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டுவிடுகிற பூதான். ஆனாலும் பிள்ளையாருக்குத் தினம் அஞ்சு குறையாமல் பறித்தவள் உங்க ஆத்தா. கேட்காமல் ஒரு கிளையை வெட்டவிடமாட்டாள்.

தம்பி, அந்தக் கட்டை விற்றுப் பத்திரம் எழுதின அன்று பங்காளிகள் எல்லார் முன்னாலும் பெரியவர் கேட்டார், "மகன்கிட்டச் சொல்லியாச்சா?" என்று. "சொல்லியாச்சு, அவனுக்கும் சம்மதம்தான்" என்றேன். உன்னை நான் கேட்கவே இல்லை. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. நீ ஆச்சி சொல்லித் தெரிந்துகொள்ளும்படி விட்டேன். அதற்குப் பிறகும் நீயே கூப்பிடட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுடையது.

நாலு தொட்டியும் முகப்பில் நிழலாக இருக்கின்றன. ஒன்று உன்னுடையது. பார்சலில் போட்டால் வேர் ஆடிப்போகும். பல்லவன் ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். எந்தக் கிழமை உனக்குத் தோது என்று சொல். அதுவரை எறும்பை ஏறவிடாதே.

அப்பச்சி