‘பாசிட்டிவ்’ என்றால் பயமில்லை என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கோவிட் கட்டுரையில், "ஆன்டிபாடி இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும், நோய் பற்றிய பயமே வேண்டாம்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. (ஆன்டிபாடி என்பது கிருமியோடு ஒட்டிக்கொள்ள நம் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம்.) கட்டுரையில் மற்றதெல்லாம் சரி, அந்த வரியை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. ஏனென்றால் இதையே ஒரு பரிசோதனை நிலையத்தில் என் அக்காவிடம் சொல்லி அனுப்பினார்கள்.

அக்கா சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர். உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஒதுக்கிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை தினமும் சாப்பிடுகிறவர். கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ‘பாசிட்டிவ்’, அதாவது ஆன்டிபாடி இருக்கிறது என்று வந்தது. அதை நம்பி முகக்கவசத்தைக் கழற்றினார், கூட்டத்துக்குள் போய்வந்தார், கடைசியில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்துக் கிடந்தார்.

நான் ஓய்வு பெறும்வரை வைரஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், அதனால் சொல்கிறேன். அந்த ரிப்போர்ட் காட்டுவது வைரஸின் ஒரு துண்டோடு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகளை. ஒட்டுவதெல்லாம் தடுத்துவிடாது. வைரஸ் எந்த இடத்தைக் கொண்டு நம் செல்லுக்குள் நுழைகிறதோ அதை மறித்து, அதைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஆன்டிபாடியையும் வைரஸையும் நேரில் மோதவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீரை, படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் அதே அளவு வைரஸைக் கலந்து, தட்டில் வளர்த்த செல்களின் மேல் ஊற்றி, சில நாள் கழித்துச் செல்கள் செத்து விழுந்த ஓட்டைகளை எண்ணுவோம். எந்த அளவு நீர்த்த பிறகும் ஓட்டைகள் பாதியாகக் குறைகின்றனவோ அதுதான் கணக்கு. உயிருள்ள கொரோனா வைரஸோடு இதைச் செய்ய கிருமி வெளியேறாதபடி மூன்றாம் நிலைப் பாதுகாப்புள்ள ஆய்வகம் வேண்டும். தெருமுனைப் பரிசோதனை நிலையத்தில் நடக்கிற காரியமா இது? தடுப்பூசிக்குப் பின் பாதுகாப்பை அளக்க இந்த ரத்தப் பரிசோதனைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 மே மாதமே சொன்னது. உங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல.

அப்புறம், செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடியே இருந்தாலும் வைரஸ் மாறிவிட்டால் என்ன செய்வது? அக்காவைப் போன்றவர்களுக்காகவே 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட எவுஷெல்ட் என்ற ஆன்டிபாடி மருந்து, புதிய ஒமிக்ரான் வகைகளிடம் பலிக்காமல் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. இதில் ஒரு வரியாவது கட்டுரையில் வந்திருக்கலாமே.

இது முதல் தடவை என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். முன்பு நாய்க்கடி பற்றிய கட்டுரையில் தடுப்பூசியைப் பற்றி மட்டும் எழுதினீர்கள், இம்யூனோகுளோபுலின், அதாவது தயார்நிலையில் உள்ள ஆன்டிபாடி, என்ற சொல்லே இல்லை. தடுப்பூசி போட்டு உடம்பு தன் ஆன்டிபாடியைத் தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை காப்பதற்குத்தானே ஆழமான கடிக்குக் காயத்திலும் அதைச் சுற்றியும் தயார்நிலை ஆன்டிபாடியைச் செலுத்துகிறார்கள்! முதல் ஊசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் அதைக் கொடுப்பதும் இல்லை. பணிவாக ஒரு கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. இத்தனைக்கும் ஆன்டிபாடி அளவுக்கு உண்மையாகவே அர்த்தமுள்ள நோய்களில் ஒன்று வெறிநாய்க்கடி நோய். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு இருந்தால் தடுப்பூசி வேலை செய்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை வைத்துத்தான் கால்நடை மருத்துவர்களும் ஆய்வக ஊழியர்களும் அடுத்த ஊசி தேவையா என்று முடிவு செய்கிறார்கள்.

கேள்வி பதில் பகுதியில் டெங்கு ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்றும் பதில் போட்டீர்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகைக்கு உண்டான ஆன்டிபாடி இன்னொரு வகையோடு அரைகுறையாக ஒட்டி, அதைத் தடுப்பதற்குப் பதில் செல்லுக்குள் சேர்த்துவிடுவதும் உண்டு. இரண்டாம் தடவை டெங்கு மோசமாவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பதிலுக்கு இன்றுவரை திருத்தம் வரவில்லை. இத்தனை வருடமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற வாசகி என்ற உரிமையில் கேட்கிறேன், மருத்துவப் பக்கத்தை அச்சுக்குப் போகும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுவது அவ்வளவு கஷ்டமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஆன்டிபாடி ரிப்போர்ட்டைப் பார்த்து யாரும், முக்கியமாக உறுப்பு மாற்றிக்கொண்டவர்களும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும், தாங்களாகவே முடிவெடுக்க வேண்டாம், தங்கள் மருத்துவரைக் கேட்கட்டும் என்று அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகி