ஆயா பெற்றது ஒன்பது

காசிமேடு,
ஞாயிறு மதியம்

அன்புள்ள செல்வி,

உன் பேத்தி மொட்டைப் படம் வந்தது. அப்படியே உன் மூக்குடி! இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குத்தான் முட்டிவலி, மாடி ஏறுவதில்லை.

ரேஷன் கார்டைத் தேடும்போது தகரப் பெட்டியில் ஒரு மடித்த சீட்டு கிடைத்தது. அம்மா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட சீட்டு, 1979. ஓரத்தில் சிவப்பு முக்கோணம். நம் தெருமுனைச் சுவரில் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று எழுதியிருக்குமே, அதே முக்கோணம். அதன் கீழேதான் பாண்டி ஆடுவோம்.

சுவரைப் பார்த்துத்தான் ஆபரேஷனுக்குப் போனாயா என்று அம்மாவிடம் கேட்டேன். "உங்க ஆயா ஒம்போது பெத்துச்சு, நாலுதான் தங்குச்சு. எனக்கு மூணும் தங்குச்சு. அப்புறம் எதுக்கு நாலாவது?" என்றாள். தனியாகப் போய்ப் படுத்து, பத்தாம் நாள் மீன் கூடையைத் தூக்கியிருக்கிறாள். அப்பாவை யாரும் கேட்கவே இல்லை. எமர்ஜென்சியில், 1976-77இல் மட்டும் நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை செய்தார்கள், பெரும்பாலும் ஆண்களுக்கு, பலருக்குக் கட்டாயப்படுத்தி. அந்தப் பயத்தில் ஆண்கள் ஒதுங்க, அதற்கப்புறம் எல்லாம் பெண்கள் தலையில் விழுந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

எனக்கு இரண்டு, மருமகளுக்கு ஒன்று. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான். பிள்ளை பிழைக்கும் என்ற தைரியமும், பெண்கள் பள்ளிக்கூடம் போனதும்தான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒழுங்காக நடந்ததற்குப் பலன் என்ன தெரியுமா? மக்கள்தொகையைப் பார்த்துத்தான் மாநிலங்களுக்கு எம்.பி. இடம் பிரிப்பார்கள். 1967இல் நம் இடம் 41இலிருந்து 39 ஆனது. 1976இல் தொகுதிக் கணக்கை 1971 மக்கள்தொகையோடு நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கட்டு 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்புவரைதான். அதனால்தான் 2025 மார்ச்சில் முதலமைச்சர் ஸ்டாலின், நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில், உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். இடம் குறைந்தால் அது அநியாயம்தான், சண்டை போட வேண்டும். ஆனால் அதற்கு என் மருமகள் வயிற்றையா கேட்பது? காலை ஏழுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஓடுகிறாள். குழந்தைக்கு ஜுரம் என்றால் அன்றைய சம்பளம் போச்சு. இன்னொன்று வேண்டுமென்று அவளுக்கே தோன்றினால் நான் தூக்கி வளர்க்கிறேன், சரி. நானாகக் கேட்க மாட்டேன்.

சீட்டை அம்மா திருப்பி வாங்கி, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். நீ வரும்போது காட்டச் சொல்கிறேன். அடுத்த மாதம் கட்டாயம் வா.

உன்,
மல்லிகா