எனக்குக் கேள்வியை வாசித்துக் காட்டியவர்களுக்கு

அன்பான ரீச்சருக்கும், சேருக்கும், டாக்டர் அம்மாவுக்கும், கூடப் படித்த எல்லாருக்கும் வணக்கம்.

வயரிங் பாடநெறியின் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் ஆயிற்று. உங்களிடம் நேரில் வந்து நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் இதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. திருகோணமலையில் என்னைப் போல வாசிக்கச் சிரமப்படுகிற வளர்ந்த ஆட்கள் பலர் அதை வெளியில் சொல்லாமலே காலத்தைக் கடத்துகிறார்கள். அவர்கள் வீட்டாராவது இதைப் படிக்கட்டும். மடலை ஃபோனில் பேசித்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தித் தந்தாள்.

நான் படிக்க வேண்டிய வயதில் எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்து திரிந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எனக்கு எழுத வாசிக்க ஏலாது என்றால், "நாட்டுப் பிரச்சினையில இவன்ட படிப்புக் குழம்பிப் போச்சு" என்று எல்லாரும் அதோடு முடித்துவிடுவார்கள். ஆனால் அதே முகாமில், அதே மரத்தடி வகுப்பில் பக்கத்தில் இருந்த என் தங்கச்சி தடங்கலில்லாமல் பேப்பர் வாசித்தாள். எனக்கு மட்டும் எழுத்து ஏறவில்லை. போன பள்ளிக்கூடம் ஒன்றில் மொக்கன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் கல்யாணம் கட்டிய பிறகும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அதனால் முதல் நன்றி டாக்டர் அம்மாவுக்கு. தங்கச்சியைப் பற்றி விசாரித்த முதல் ஆள் அவர்தான். படிக்க வழியில்லாமல் போனது வேறு, வழி கிடைத்தும் எழுத்து பிடிபடாமல் போனது வேறு என்று பொறுமையாகப் பிரித்துப் பார்த்து, இது டிஸ்லெக்சியா, அதாவது எழுதவும் வாசிக்கவும் சிரமப்படுத்துகிற ஒரு கற்றல் குறைபாடு என்றார். புத்திக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி ஒரு பழைய கதையும் சொன்னார். இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர் 1896-இல், 14 வயதாகியும் வாசிக்க முடியாத ஒரு பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடம் முழுவதையும் வாயால் சொல்லிக் கொடுத்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அந்தப் பையனின் ஆசிரியர் சொன்னாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ரீச்சர். விசேட கல்வி படித்தவர், பகலெல்லாம் பிள்ளைகளோடு நின்று களைத்து வருகிறவர். எங்கள் வகுப்பு முடிந்த பிறகு எனக்காகத் தனியாக இருந்து சொல்லிக் கொடுத்தார். எந்த இடத்தில் தடக்குகிறது என்று முதலில் என்னிடமே கேட்டார். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கெ, கே என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் ஏதோ நிற்கிறது. இரண்டு சுழி ன எது, மூன்று சுழி ண எது என்று பார்ப்பதற்குள் வரி ஓடிவிடும். இதையெல்லாம் சொன்னேன். ரீச்சர் கொம்புகளை மட்டும் சிவப்புப் பேனையால் எழுதித் தந்தார். தட்டில் அரிசியைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்ல வைத்தார். கண்ணும் காதும் கையும் சேர்ந்து படித்தால் எழுத்து நிற்கும் என்பார். ஏடு தொடக்கும்போது பிள்ளைக்குச் செய்கிற அதே வேலைதான். வளர்ந்த ஆம்பிளைக்கு அது கூச்சமாக இருக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. நான் சொல்லாமலே கதவைச் சாத்திவிட்டுத்தான் தட்டை எடுப்பார். ரீச்சர், அந்தக் கதவுக்காகவும் உங்களுக்கு நன்றி.

சேர் சொல்லிக் கொடுத்த செய்முறையில் எனக்கு ஒருநாளும் தடுமாற்றம் இல்லை. பேஸ், நியூட்ரல், எர்த் எது என்று பார்த்த மாத்திரத்தில் கை போகும். தியரிதான் கண்டம். அதற்காக சேர் ஒவ்வொரு பாடத்தையும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினார். வேலைக்குப் போகிற வழியெல்லாம் அதைக் கேட்டேன். பரீட்சை வந்தபோது டாக்டர் அம்மாவின் அறிக்கையை இணைத்து முன்கூட்டியே கடிதம் எழுதி, தனி அறை, கூடுதல் நேரம், கேள்வி வாசிக்க ஒருவர் என்று மூன்றையும் எடுத்துத் தந்தார். வாசித்தவர் உள்ளதை உள்ளபடி வாசித்தார், ஒரு சொல்லைக்கூட விளக்கவில்லை. சமாந்தரச் சுற்றுக் கேள்வியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், படத்தைக் கீறி முடித்தேன். இவனுக்குச் சலுகை என்று சிலர் கதைத்ததும் காதில் விழுந்தது. கேள்விதான் காதால் வந்தது, விடை நான் எழுதியது.

சலுகை என்ற கதைக்கு ரீச்சர் நல்ல பதில் வைத்திருந்தார். மாற்றுத்திறனாளி என்பதற்காகக் கல்வி நிலையத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 24-ஆம் உறுப்புரையில் தொழிற்பயிற்சியும் வளர்ந்தோர் கல்வியும் பெயர் சொல்லியே இருக்கின்றன. அதற்குத் தேவையான வசதிகளைச் செய்து கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த வசதி ரீச்சரின் நல்ல மனதால்தான் கிடைத்தது. வகுப்புக்குப் பிறகு நின்ற அந்த நேரத்துக்கு அவருக்கு யாரும் ஒரு சதம் கொடுக்கவில்லை. அது சரியில்லை. பயிற்சி நிலையம் ஒவ்வொன்றிலும் இதற்கென்று சம்பளத்தோடு ஒருவர் இருக்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் என் கோரிக்கை இதுதான்.

கிண்ணியாப் பாலம் தாண்டி வருகிற நானா, போர்டில் உள்ளதை எனக்காக ஃபோனில் படம் பிடித்துத் தருவார். கந்தளாயிலிருந்து வந்த சிங்களத் தம்பி சுற்றுப் படங்களை வடிவாகக் கீறித் தந்தான். ஒருவரும் பகிடி பண்ணவில்லை. கரண்ட் பில் முதல் கோயில் நோட்டீஸ் வரை இத்தனை காலம் வாசித்துச் சொன்ன என் மனைவிக்கும் நன்றி.

உங்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருவர் இருந்தால், பயிற்சிக்குச் சேரும் நாளிலேயே நிலையத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள், டாக்டரின் அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் நானும் கூட வருகிறேன். ரீச்சரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து உங்கள் மாணவன்