சனசமூக நிலைய ஆண்டறிக்கை (செயலாளர்)

தலைவருக்கும் நிர்வாகத்துக்கும் உறுப்பினர்மாருக்கும் வணக்கம். கூட்டத்துக்கு வர ஏலாமப் போன ஆக்களும் வெளிநாட்டில இருக்கிற எங்கட பிள்ளையளும் வாசிக்கட்டும் எண்டு இஞ்சயும் போடுறன்.

பொங்கல், சிரமதானம், விளையாட்டுப் போட்டி, வாணி விழா எல்லாம் வழமை போல நடந்தது. பேப்பரும் ஒழுங்கா வருது.

இந்த வருசம் நான் முன்னுக்கு நிண்டு செய்தது புற்றுநோய் வந்த குடும்பங்களுக்கான வாசிப்பு வட்டம். இது ஆஸ்பத்திரி வேலையெல்லோ, வாசிகசாலைக்கு என்னத்துக்கு எண்டு நிர்வாகத்திலயே கேட்டவை, அதால கொஞ்சம் விளக்கமா எழுதத்தான் வேணும். முந்தி எங்கட ஆக்கள் இந்த வருத்தத்துக்கு கொழும்புப் பக்கம் மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினவை. 2011 இல நாட்டின்ர தெற்கு முனை தெய்வேந்திரமுனையில இருந்து வடக்கு முனை பருத்தித்துறை மட்டும் சனம் நடந்து சேர்த்த காசில தெல்லிப்பழையில புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்துது, இப்ப கீமோ மருந்து ஏத்த இஞ்சயே போய் வரலாம். மருந்து கிடைக்குது, டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் நல்லாப் பாக்கினம். ஆனா வீட்ட வந்து படலையைச் சாத்தின பிறகு பிள்ளைக்கு என்ன சொல்லுறது, பாக்க வாற சொந்தம் அழத் தொடங்கினா எப்பிடித் தாங்கிறது, இதுக்கு ஆர் இருக்கினம்?

அதுக்குத்தான் டொக்டர் வென்டி ஹார்ப்பம் எழுதின புத்தகங்களை எடுத்தன். அமெரிக்காவில டலஸ் நகரத்தில பொது மருத்துவரா இருந்தவ, மூண்டு சின்னப் பிள்ளையளின்ர தாய், 1990 இல அவவுக்கே நிணநீர்ப் புற்றுநோய் வந்துது. வருத்தம் திரும்பத் திரும்ப வந்தபடியா தொழிலை விட்டுட்டு எழுத்தில முழுசா இறங்கினா. வருத்தம் எண்டு தெரிஞ்ச முதல் மாசங்களுக்கு ஒரு புத்தகம், சிகிச்சை முடிஞ்ச பிறகு வாழுறதுக்கு ஒண்டு, தாய் தேப்பனுக்கு வருத்தம் எண்டா பிள்ளையளைப் பாக்கிறது எப்பிடி எண்டு ஒண்டு, அதோட பிள்ளையள் வாசிக்க ஒரு சின்னக் கதைப்புத்தகமும் இருக்கு. வைத்தியமும் தெரிஞ்சு, கட்டில்ல கிடந்தும் பாத்த ஆள் எண்டபடியா அவ எழுதினதை நோயாளியள் நம்புகினம்.

சரியானதை அறிஞ்சுகொள்ளு, நடக்கக்கூடிய நம்பிக்கையைப் பிடிச்சுக்கொள்ளு, பேந்து செய்ய வேண்டியதைச் செய், இதுதான் அவ சொல்லுறதின்ர சாரம். அதை வைச்சு எங்கட ஆக்களுக்கேத்த மாதிரி நாங்கள் குறிப்பு எழுதி போட்டோக்கொப்பி அடிச்சுக் குடுத்தம். கேக்க வேண்டியதைக் கொப்பியில எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கோ, கூட ஒராளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. கீமோ எடுக்கிற ஆளுக்கு 38 பாகை செல்சியசைத் தாண்டிக் காய்ச்சல் எண்டா பனடோலைக் குடுத்திட்டு விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்காதேங்கோ, கிருமியை எதிர்க்கிற வெள்ளணு ரத்தத்தில குறைஞ்ச நேரத்தில வாற கிருமி உயிரையே எடுத்துப்போடும், உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.

பிள்ளையளிட்ட ஒளிக்கிற விசயத்திலதான் கூட நேரம் போச்சுது. சோதினை வருது, படிப்புக் குழம்பும், பேந்து கலியாணம் பேசேக்க சனம் கதைக்கும் எண்டு எங்கட வீடுகளில மூடி மறைக்கிறது. வட்டத்துக்கு வந்த ஒரு தாய் தலைமயிர் கொட்டின பிறகும் ஓஎல் சோதினை எடுக்கிற மகளிட்ட தைரொயிட் எண்டுதான் சொல்லியிருக்கிறா, பிள்ளை அம்மாக்குத் தன்னில கோவம், அதான் முகம் குடுக்கிறேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கு. உண்மையை அன்போடயும் நம்பிக்கையோடயும் சேர்த்துச் சொல்லுங்கோ எண்டுறா டொக்டர். இது நீ செய்த எதாலயும் வந்ததில்லை, தொத்தவும் மாட்டாது எண்டு அந்தத் தாய் சொன்னா. இப்ப கீமோ திகதியைக் கலண்டரில குறிச்சு வைக்கிறது மகள்தான். நிலையம் இந்த வருசம் செய்ததில பெரிய காரியம் இதுதான் எண்டு நான் சொல்லுவன்.

ஆனா வட்டத்தின்ர முதல் கூட்டத்துக்குக் கதிரை காணாம பக்கத்து வீட்டில வாங்கினம், பேந்து வந்தது நோயாளியளும் அவையின்ர ஆக்களும் மட்டும்தான். கிரிக்கெட் மச் எண்டா ரீவிக்கு முன்னால நிரம்பிற உறுப்பினர்மார் ஏன் வரேல்லை எண்டு வீடு வீடாக் கேட்டன், அங்க வந்தா எங்கட வீட்டிலயும் ஆருக்கோ எண்டு சனம் நினைக்குமாம். எனக்கு உண்மையா மனம் நொந்துபோச்சு. எங்கட நாட்டில ஆம்பிளையளுக்கு வாய்ப்புற்றுநோயும் பொம்பிளையளுக்கு மார்புப் புற்றுநோயும்தான் முன்னுக்கு நிக்குது. உந்தப் பயத்தாலதான் வெத்திலை போடுற ஆக்கள் வாயில ஆறாத புண்ணையும், பொம்பிளையள் மார்பில தட்டுப்பட்ட கட்டியையும் மாசக்கணக்கா மறைச்சு வைச்சுப் பிந்திப் போகினம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரி, கரண்ட் பில்லும் பேப்பர்க் காசும் போகக் கொஞ்சம் நிக்குது. சந்தா அரைவாசிப் பேருக்கு மேல கட்டேல்லை, வட்ஸ்அப்பில கேட்டாலும் பாத்துப்போட்டு விடுகினம். போட்டோக்கொப்பிச் செலவில ஒரு பங்கு பேர் சொல்ல வேண்டாம் எண்ட ஒருத்தர் தந்தது. அவருக்கும், தேத்தண்ணி ஊத்தித் தந்த அக்காமாருக்கும், தலைவர், பொருளாளர், நிர்வாகத்துக்கும் நன்றி.

வாற வருசம் செயலாளர் பதவிக்கு வேற ஆராவது வந்தா நான் மறுக்க மாட்டன், ஆனா இந்த வட்டத்தை நிப்பாட்டாதேங்கோ. ஆட்டோவோ காரோ வைச்சிருக்கிற ஆக்கள் கீமோ நாளில ஒராளையாவது தெல்லிப்பழைக்கு ஏத்தி இறக்க முன்வாங்கோ. வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் அந்த டொக்டரின்ர புத்தகங்களில இன்னொரு பிரதி வாங்கி அனுப்பினா நல்லது, இருக்கிறது கைமாறிக் கைமாறி ஒற்றை கழண்டுபோச்சு. சந்தாவைத் தை மாசத்துக்குள்ள தாங்கோ, பின்னேரத்தில நிலையம் திறந்திருக்கும்.